ரெண்டாம் வருஷப் பணம்

விருத்தாசலம்
9.6.2025

அன்புள்ள மகள் கவிப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நல்லா இருக்கோம். கல்யாணப் பேச்சை எடுத்ததுலேருந்து நீ என் போனை எடுக்கிறதில்லை. அதான் எழுதறேன்.

உன் எம்.டெக் படிப்புக்கு வாங்கின கடனுக்காக பேங்க்லேருந்து ஒரு வசூல்காரன் வூட்டுக்கு வந்தான். கால்மேல கால் போட்டு உக்காந்து டீ கேட்டு வாங்கிக் குடிச்சான். "கட்ட வக்கில்லாதவன் எதுக்குய்யா பொண்ணைப் படிக்க வெச்ச?"ன்னு கேட்டான். அம்மா காதுல கிடந்த தோட்டையே பாத்துக்கிட்டு இருந்தான். தெருவே வேடிக்கை பாத்துது.

எங்க செராமிக் கம்பெனி முதலாளியோட தம்பி மகன் அன்புச்செல்வனுக்கு இன்னும் உன்னைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. கடனை அவங்களே அடைச்சிடறாங்களாம். ஒரு வருஷம் படிச்சது போதும்மா. யோசிச்சு எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அப்பா
விருத்தகிரி

கோயம்புத்தூர்
14.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க லெட்டரைப் படிச்ச அன்னைக்குச் சோறு இறங்கலை. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் நாம ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம், அதுவரைக்கும் வட்டி அரசாங்கத்தோடதுன்னு பேங்க் ஆபீசர் நம்ம ரெண்டு பேரையும் உக்கார வெச்சுத்தானே சொன்னார்? அப்புறம் அவன் எதுக்கு வந்தான்? அவன் பேரென்ன? அம்மாவை அப்படிப் பாத்தவனைச் சும்மா விடக்கூடாது. திங்கக்கிழமையே பேங்குக்குப் போன் பண்ணிப் புகார் சொல்றேன். நீங்க மனசை விட்டுடாதீங்க.

உங்கள் மகள்
கவிப்ரியா

விருத்தாசலம்
18.6.2025

அன்புள்ள கவிப்ரியாவுக்கு,

புகாரெல்லாம் வேண்டாம்மா. அவன் பேரை நான் கேக்கலை. பேங்குக்குப் போன் பண்ணாதே. அன்புச்செல்வன் வூட்டுக்கு மட்டும் ஒரு பதில் சொல்லு.

அப்பா

கோயம்புத்தூர்
27.6.2025

அப்பாவுக்கு,

உங்க லெட்டர் வர்றதுக்கு முன்னாடியே போன் பண்ணிட்டேன். பேங்க்லேருந்து யாரையும் அனுப்பலையாம். ரெண்டாம் வருஷப் பணத்தை நிறுத்தச் சொல்லி, கடன்ல என்கூடக் கையெழுத்துப் போட்ட நீங்களே போன மாசம் எழுதிக் கொடுத்திருக்கீங்கன்னு ஆபீசர் சொன்னார்.

அம்மாகிட்ட கேட்டேன். வூட்டுக்கு எவனும் வரலைன்னாங்க. இந்தக் கல்யாணம் நடந்தா உங்களுக்கு மேனேஜர் வேலைன்னு முதலாளி சொல்லியிருக்காராம். அதையும் அம்மாதான் சொன்னாங்க.

மேனேஜர் வேலைக்கு ஆசைப்பட்டதைக்கூட நான் பொறுத்துக்குவேன். ஆனா வராத ஒருத்தனுக்கு டீ கொடுத்து, உக்கார வெச்சு, அம்மா காதைப் பாக்க வெச்சிருக்கீங்க. எழுதும்போது உங்களுக்குக் கை கூசலையா? உங்க லெட்டரைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்துதான் இதை எழுதறேன்.

நேத்து அம்மா சத்துணவு வேலைக்கு அரை நாள் லீவு போட்டு பேங்குக்குப் போனாங்க. கடன்ல உங்க பேரை எடுத்துட்டு அவங்க பேரைச் சேக்கச் சொல்லி எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டுட்டாங்க. பணம் நிக்காது. "உங்கப்பாகிட்ட நீயே சொல்லிடு"ன்னாங்க. சொல்லிட்டேன்.

தீபாவளிக்கு அம்மா இங்கே வராங்க. நீங்க வர வேண்டாம்.

கவிப்ரியா