ப்ளக்கில் படிந்த கரி

12.8.1975, செவ்வாய்

சாயங்காலம், மில் விட்டு வீடு திரும்புகிற நேரம் பார்த்து, தங்கச்சி புருஷன் சேகர் மோட்டார் சைக்கிளை என் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தான்.

“ஸ்டார்ட் ஆவவே பேஜாரு பண்ணுது மச்சான்.”

ப்ளக்கைக் கழற்றினேன். கன்னங்கரேலென்று கரி. போன மாதம் நானே போட்ட புது ப்ளக். கார்புரேட்டரிலும் குறை இல்லை. தினமும் திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு மில்லுக்குப் போய் வருகிற வண்டி. அவ்வளவு தூரம் ஓடினால் சூட்டில் கரி எரிந்து, ப்ளக் காப்பிப் பொடி நிறத்தில் இருக்கும். கொஞ்ச தூரம் மெதுவாகப் போய் நின்றுவிடுகிற வண்டிக்குத்தான் இப்படிக் கறுக்கும். செயினில் கடற்கரை மணல் வேறு; மில்லுக்குப் போகிற வழியில் கடல் கிடையாது.

ஹேண்டில்பாரில் தங்கச்சி வசந்தா கட்டிக்கொடுத்த சோற்று டப்பா தொங்கியது. அவளுக்கு இது ஏழாம் மாதம்.

ப்ளக்கைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன்.

“இன்னா மச்சான், பெரிய வேலையா?”

“ஒண்ணுமில்ல மாப்ள. தெனம் கொஞ்சம் தூரமா ஓட்டு. கரி பிடிக்காது.”

அவன் கீழே பார்த்துக்கொண்டே, “சரி மச்சான்” என்றான்.

செங்கல்பட்டு தூரம் போதாதா என்று அவன் கேட்கவில்லை.