ஸ்டெல்லா ஆண்ட்டியின் டப்பா

திங்கள், ராத்திரி.

தன் பேரனின் ஞானஸ்நானத்துக்காக என்னிடம் பின்னச் சொல்லியிருந்த குரோஷா தொப்பியை வாங்க, பக்கத்துத் தெரு ஸ்டெல்லா ஆண்ட்டி இன்று வந்தார். நானூறு ரூபாய் கேட்க வேண்டும். அது வந்தால்தான் அடுத்த தொப்பிக்கு நூல். காலையிலிருந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொல்லிப் பழகியிருந்தேன்.

"எவ்ளோம்மா ஆச்சு?" என்றார்.

"உங்க இஷ்டம் ஆண்ட்டி" என்றது என் வாய்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "காசே கேக்க மாட்டேன்றியே, தங்கமான பொண்ணு" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். சாயங்காலம் பெரிய டப்பா நிறையச் சிக்கன் பிரியாணி கொடுத்தனுப்பினார். நல்ல பிரியாணி. திட்டக்கூட முடியவில்லை.

அம்பத்தூரில் வேலை முடித்து வந்த அம்மாவிடம் சொன்னேன். "நூல் கடக்காரன் பிரியாணி வாங்கிப்பானாடி?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார். "நாளைக்கு டப்பாவ குடுத்துட்டு வா. வெறும் டப்பாவா குடுக்காத, எதனா போட்டு குடு."

டம்ளருக்கு அடியில் வைக்கிற மாதிரி ஒரு பூ பின்னிப் போடலாம் என்று உட்கார்ந்தேன். பாதியில்தான் உறைத்தது. இதற்கும் நான் காசு கேட்க மாட்டேன். இதற்கும் ஒரு டப்பா வரும்.

பிரித்துவிட்டேன். டப்பாவில் சர்க்கரை போட்டேன். "தொப்பி 400" என்று ஒரு சீட்டும் எழுதினேன். மேலே வைத்தால் நான் நிற்கும்போதே திறந்து படித்துவிடுவார். அதனால் அடியில் வைத்திருக்கிறேன். சர்க்கரை தீர்ந்தால் தெரிந்துவிடும்.

இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அந்த வீட்டில் எல்லாருக்கும் சுகர். டீயில்கூடப் போட மாட்டார்கள்.