பயற்றங்கொடி ஏறிய சிவப்புத் தடிகள்

பக்கத்து வீட்டுக்காரர் இன்று காலை இரும்புப் பல் வைத்த றேக்கை எடுத்து மண்ணை இழுத்தார். எனக்கு உடனே என் சிநேகிதி நீதான் நினைவுக்கு வந்தாய். வசந்தம் தொடங்கிவிட்டால், நியூசிலாந்தில் நான் இருக்கும் இந்த பிளாக்ஹவுஸ் பேயில் எல்லோருக்கும் தோட்டப் பைத்தியம் பிடித்துவிடும். தக்காளிக் கன்று வைக்கப் பாத்தி கிளறுகிற மனிதருக்கு, வேலிக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட வந்த ஒருத்தி ஈரச் சட்டையைப் பிடித்தபடி மூச்சை அடக்கி நிற்பது எப்படித் தெரியும்? இரும்புப் பல் எதிலோ பட்டுக் கிறீச்சிட்டது. அவர் குனிந்து ஒரு கல்லை எடுத்து எறிந்தார், அவ்வளவுதான்.

கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகிறேன் என்று நீ போனில் சொன்ன நாளில் நான் ஏதோ பெரிய இயந்திரத்தைக் கற்பனை செய்தேன். நீ சிரித்தாய். "எடி, றேக்தான். வளவு கூட்டுற மாதிரித்தான். ஆனா நான் கூட்டுறது குப்பையில்லை." அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவேயில்லை. வன்னி வெயிலில் தடித்த மேலங்கியும் முகத்தை மூடிய கண்ணாடித் தகடுமாக, முழங்காலில் நின்று மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் இழுக்கிற வேலை. ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம் முடிந்தால் அது உனக்கு நல்ல நாள். அப்படி உழைத்துத்தான் வீட்டுக்குக் கூரை போட்டாய், பிள்ளைகளைப் படிக்க வைத்தாய். நான் இங்கே ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் பயந்து செத்தேன்.

உங்கள் முகாம் வாசலில் ஒரு பலகை நின்றது. எந்த நாடு உதவுகிறதோ அந்த நாட்டின் கொடி அதில் இருக்கும். "இந்த வருசம் எங்களுக்குச் சோறு போடுறது ஆரெண்டு பலகையைப் பாத்தாத்தான் தெரியும்" என்பாய். பிறகு என்னைச் சீண்டுவாய். "உங்கட நாட்டுக் கொடியையும் ஒருக்கா அனுப்பிவிடன், நியூசிலாந்துக்காரி."

பளைக்கு அங்கால் இருக்கிற எங்கள் தென்னங்காணியின் முன்பாதியை உன் குழு என் தம்பியிடம் ஒப்படைத்த நாளில், நானும் விடுமுறைக்கு வந்து பக்கத்தில் நின்றேன். உங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. துப்புரவாக்கிய நிலத்தில் நீங்கள்தான் முதலில் நடப்பீர்கள், அதன் பிறகுதான் காணிக்காரர் கால் வைப்பார். நீ சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தாய். ஏதோ கோயில் வீதியில் போகிறவள் போல ஆறுதலாக நடந்தாய். போரில் செல் விழுந்து தலை போன மொட்டைப் பனையடியில், தலையில் சிவப்பு பூசிய எல்லைத் தடிகள் வரிசையாக நின்ற இடத்தில் நின்று திரும்பினாய். "இதுவரைக்கும் என்ர பொறுப்பு. இதுக்கு அங்கால நான் இல்லை" என்றாய்.

தம்பிக்கு அப்போதே அவசரம். "பின்துண்டையும் நாங்களே துப்புரவாக்கினா என்ன, அக்கா? மாடுகள் போய் வருதுதானே" என்று உன்னிடம் கேட்டான்.

"மாடு போய் வந்தது மாட்டின்ர அதிஷ்டம்" என்றாய் நீ. "உன்ர மகளைத் தூக்கிக்கொண்டு நடப்பியோ?"

அப்போது அவள் கைக்குழந்தை. பின்துண்டுக்கு அடுத்த வருடம் வருவதாகச் சொல்லி நீ சப்பாத்தைப் போட்டுக்கொண்டாய்.

அடுத்த வருடம் நீ இல்லை. அத்தனை வெடிக்கும் தப்பினவளை நுளம்பு கடித்து வந்த டெங்குக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. எனக்கு இன்றைக்கும் அதில் கோபம்தான், யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நீ போன கொஞ்சக் காலத்தில் வெளிநாட்டு உதவியும் நின்றது. உன்னோடு வேலை செய்த பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முகாமைக் கழற்றிக்கொண்டு போனவர்கள் பலகையை மட்டும் விட்டுவிட்டுப் போனார்களாம். அதில் இப்போது கொடி இல்லை.

போன மாதம் நான் எங்கள் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போனேன். நீ கேட்ட கொடியை, அதாவது இந்த நாட்டின் உதவியைக் கேட்கத்தான். அங்கே இருந்த பெண்மணி நல்லவர், தேநீர் தந்து ஆறுதலாகக் கேட்டார். எல்லாம் கேட்டு முடித்து, "போர் முடிந்து இவ்வளவு காலமாகிவிட்டதே, இன்னுமா?" என்றார். கேள்வியில் தப்பில்லை, இந்த ஊரில் மண் என்றால் மண் மட்டும்தான். நான் தடுமாறிப்போய்த் தென்னையைப் பற்றியும் வெங்காயத்தைப் பற்றியும் ஏதேதோ சொன்னேன். முன்பாதியில் வைத்த தென்னைதான் தம்பியின் வீட்டில் அடுப்பெரிய வைக்கிறது, பின்பாதியும் கிடைத்தால் அவன் கூலிக்குப் போகவேண்டியதில்லை என்றேன். மேலே அனுப்புகிறோம் என்றார். இதுவரை பதில் இல்லை.

இந்த நிலையில்தான் போன சனிக்கிழமை தம்பி வீடியோவில் வந்தான். தோட்டத்தைக் காட்டுகிறேன் என்று போனைத் தூக்கிக்கொண்டு நடந்தான். பயற்றங்கொடி பந்தலில் ஏறிக் காய்த்துத் தொங்கியது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகுதான் பந்தல் கால்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு.

"டேய், அந்தத் தடியள் எங்கால?"

"பின்னால நிண்ட தடியள்தானக்கா. ஒருத்தரும் வரீனமில்லை, சும்மா நிண்டு உக்குது. மழைக்கு முன்னம் அந்தத் துண்டையும் உழவேணும். ட்ரக்டர்காரனுக்கும் சொல்லிப்போட்டன்."

தடியைப் பிடுங்கியவன் உன் எல்லையையே பிடுங்கிவிட்டான் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. கத்தினேன், அழுதேன். "நீங்கள் அங்க இருந்துகொண்டு பயப்பிடுறியள்" என்று அவன் சிரித்தான். பக்கத்தில் இருந்த என் மகள் போனை எட்டிப் பார்த்து, "அம்மா, காம் டவுன், இட்ஸ் ஜஸ்ட் பீன்ஸ்" என்றாள். அந்த நேரத்தில் உன் கேள்வி என் வாயில் வந்தது. நானாக யோசித்துக் கேட்கவில்லை.

"மகளைத் தூக்கிக்கொண்டு நடப்பியோடா?"

சிரிப்பு நின்றது. அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவன் பின்னாலேயே பயற்றங்காய் ஆய்ந்துகொண்டு நின்றாள். அவன் திரும்பி அவளைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. "தடி எங்க நிண்டதெண்டு இப்ப எனக்கும் மட்டுக்கட்டேலாமல் கிடக்கு, அக்கா" என்றான் மெதுவாக.

"மொட்டைப் பனை நிக்குதோ?"

"நிக்குது."

"அவள் அதின்ர அடியிலதான் நிண்டு திரும்பினவள். அதுக்கு இஞ்சாலப் பக்கமாக் கயிறு கட்டு. ட்ரக்டர்காரனை வரவேண்டாமெண்டு சொல்லு."

இன்று மத்தியானம் படம் அனுப்பியிருக்கிறான். பனைக்கு இந்தப் பக்கம் தென்னைக்குத் தென்னை கயிறு கட்டி, மனைவியின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து முடிந்து தொங்கவிட்டிருக்கிறான். நீ வெறுங்காலோடு நடந்த நிலம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. மழை வரப்போகிறது, கயிறு இற்றுப்போகும், சேலை வெளிறிப்போகும். இந்த வருடம் அடங்கினவனுக்கு அடுத்த வருடம் வீட்டுக் கஷ்டம் கூடினால் என்ன செய்வான் என்று நான் எப்படிச் சொல்வேன்?

அதனால் திங்கட்கிழமை மறுபடியும் அந்த அலுவலகத்துக்குப் போகிறேன். இந்த முறை தென்னையில் தொடங்கமாட்டேன். அந்தப் பெண்மணியின் மேசையில் அவருடைய பேரக் குழந்தையின் படம் ஒன்று இருந்தது. "இன்னுமா?" என்று அவர் மறுபடி கேட்டால், என்னிடம் இருப்பது நீ விட்டுப்போன ஒரே ஒரு கேள்விதான். அந்தப் படத்தைக் காட்டி அதைத்தான் கேட்கப்போகிறேன்: இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே நடப்பீர்களா?