மூணு மூடி மருந்து

மார்ச் 4

இன்றைக்கும் ஒரு கூடைக் குஞ்சு செத்துப்போச்சு. குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினேன். போன வருஷம் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு மூடி மருந்து போதும். இப்போது மூணு மூடி ஊற்றியும் கழுத்தைத் தொங்கப்போடுகின்றன.

"கிருமி நம்ம மருந்தைக் குடிச்சே கொழுக்குதுண்ணே. நிறுத்து" என்கிறான் சின்னவன். பெரிய விஞ்ஞானி! என் முதுகில் உப்புமூட்டை ஏறி வளர்ந்த பயல், கோழி வளர்க்க எனக்கே பாடம் எடுக்கிறான்.

மார்ச் 6

அடித்துவிட்டேன்.

மருந்து கலந்த தொட்டியை என் கண்ணெதிரே கவிழ்த்தான். என் கையில் எச்சம் வாரும் மண்வெட்டி. வீசினேன். மிரட்டத்தான்... சீ, இங்கேயும் பொய்யா? படட்டும் என்றுதான் வீசினேன். முழங்காலுக்குக் கீழே பிளந்து எலும்பு தெரிந்தது. அவன் கத்தக்கூட இல்லை. "இப்ப திருப்தியாண்ணே?" என்றான்.

தையல் போட்ட கிளினிக்கில் "கோழி ஷெட்டுல வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொன்னானாம். பாவி, என்னைக் காட்டிக்கொடுத்துத் தொலைத்திருக்கலாம்.

மார்ச் 9

தையல் பிரிந்து சீழ். கிட்டே போக முடியாத நாற்றம். காய்ச்சலில் உளறுகிறான். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாச்சு.

மார்ச் 11

ஏற்றிய இரண்டு மருந்தும் கேட்கவில்லை. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கோழிக்கு என்ன மருந்து குடுக்கறீங்க? மறைக்காம சொல்லுங்க."

"தீவனமும் தண்ணியும்தாங்க. வேற ஒண்ணுமில்ல."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. கோழிக்குக் கொடுக்கக்கூடாதென்று தடை போட்ட மருந்து, சொன்னால் ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்களே.

மார்ச் 12

கடைசி மருந்தை ஆரம்பித்துவிட்டார்கள். இதற்கு மேல் கையில் எதுவும் இல்லையாம். நர்ஸ் உடைத்த குப்பியை எட்டிப் பார்த்தேன். நம் கோழி மருந்துக் கேனில் இருக்கும் அதே நீளப் பெயர்! வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆயிரக்கணக்கான கோழியைக் காப்பாற்றிய மருந்து, என் தம்பியைக் கைவிடுமா? இனி எதற்கு வாயைத் திறக்கணும்? ரெண்டு நாளில் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

மார்ச் 14

எழவில்லை. தொடைவரை கறுத்துவிட்டது.

வார்டு வாசலில் டாக்டரம்மாவோடு நின்றிருந்தேன். தம்பி பெண்டாட்டி விறுவிறுவென்று வந்தாள். என் முன்னால் மாமா, மாமா என்று குரலே உயர்த்தாத பெண். மருந்துக் கேனை ஓங்கி என் மூஞ்சியில் எறிந்தாள். மூக்கு உடைந்து ரத்தம். "இதைத்தான் வருஷக்கணக்கா ஊத்துறான்! கேட்டாங்கள்ல, ஏன்டா சொல்லல? நீயெல்லாம் மனுசனா?"

டாக்டரம்மா கேனைப் பொறுக்கிப் படித்தார். முகம் செத்துப்போச்சு. "இந்த மருந்துக்குச் சாகிற கிருமியெல்லாம் உங்க ஷெட்டுலயே செத்துடுச்சுங்க. மரபணு மாறின ஒண்ணு ரெண்டு தப்பிச்சுப் பெருகியிருக்கு. அந்த மாற்றத்தைப் பக்கத்துல இருக்கிற மத்த கிருமிக்கும் குடுத்திருக்கு. அதைத்தான் மண்வெட்டியோட அவர் காலுக்குள்ள இறக்கியிருக்கீங்க. முன்னாடியே சொல்லியிருந்தா, இதை நம்பி ரெண்டு நாள் காத்திருக்க மாட்டேன். அப்பவே கீழ்க்காலை மட்டும் எடுத்து முழங்காலையாவது காப்பாத்தியிருப்பேன்."

மண்வெட்டி விஷயம் அவருக்கு எப்படித் தெரியும்? காய்ச்சலில் உளறியிருப்பான். அண்ணே வேணாம், அண்ணே வேணாம் என்று.

மார்ச் 15

காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 19

எனக்குக் கேன் விற்கிற மருந்துக்காரன் ஷெட்டுக்கே வந்தான். "இதைவிட வீரியமா ஒண்ணு வந்திருக்குண்ணே" என்று பல்லைக் காட்டினான். பிடரியைப் பிடித்துத் தொட்டிக்குள் அமுக்கினேன். குடிடா, குடிடா! கால் உதறிக்கொண்டது. தூக்கினேன், மறுபடி அமுக்கினேன். ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் வந்து பிரித்தார்கள். இல்லாவிட்டால் கொன்றிருப்பேன். அவனைக் கொன்று என்ன ஆகப்போகுது? மூடி மூடியாக ஊற்றினது இந்தக் கைதானே!

ஏப்ரல் 2

சின்னவன் பிழைத்துவிட்டான். வீட்டுக்கு வந்தாச்சு.

எங்கள் எல்லோரையும் பரிசோதித்தார்கள். என் குடலிலும் அதே கிருமி இருக்காம். எனக்கு ஒன்றும் செய்யாதாம், குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். ஆனால் புண் ஆறும்வரை நான் அவனைத் தொடக்கூடாது. தூக்கி உட்காரவைக்கணும், கால் கழுவிவிடணும் என்று என்னென்னவோ நினைத்திருந்தேன்.

வாசற்படியிலேயே நின்றேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. பார்க்க முடியவில்லை, அழுதுவிட்டேன். தம்பி பெண்டாட்டி கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

"ஏண்ணே அங்கயே நிக்கிற? கிட்ட வா."

"வரக்கூடாதுடா."

"கிட்ட வந்தாத்தானே உன்னைத் திருப்பி அடிக்க முடியும்?"

"புண்ணு ஆறட்டும். வந்து வாங்கிக்கறேன்."

"ஓடிப் போயிடாதே. இனிமே என்னால துரத்த முடியாது" என்றான்.