மஞ்சக்கிளி கரைக்கு வருகிறாள்

பிப்ரவரி 3

மஞ்சக்கிளி இன்னும் ஓடுறா!!! கண் விழித்ததும், எந்தக் கப்பல் எங்கே போகுதுன்னு காட்டுற ஆப்பைத்தான் திறந்தேன். உடம்பு முழுக்க மஞ்சள் பெயின்ட் அடித்த கன்டெய்னர் கப்பல், அதனால் நான் வைத்த செல்லப் பேர்; என்னைவிட வயதில் மூத்தவள். எங்கோ சண்டை, கால்வாய் வழி மூடிக்கிடக்கிறது. எல்லாக் கப்பலும் கண்டத்தையே சுற்றிப் போவதால் எத்தனை கப்பல் இருந்தாலும் போதவில்லை. வாடகை எகிறுகிறது. உடைக்கப் போகவேண்டிய கிழடுகளுக்கெல்லாம் சரக்கு கிடைக்கிறது. எங்கள் கப்பல் பைத்தியங்களின் ஆன்லைன் குரூப்பில் 'சுக்கான்' என்ற பேரில் இருப்பவன் எழுதினான்: "உன் ஆளுக்கு ஆயுசு கெட்டி."

துள்ளிக் குதித்தேன். அம்மா கேட்டாள்: "ஏண்டி, அந்தக் கப்பலா உனக்குச் சோறு போடுது?"

பிப்ரவரி 11

சோறு போடாது. கப்பலை உடைத்தால்தான் எங்களுக்குச் சோறு. அப்பா கப்பல் உடைக்கிற யார்டில் கேஸ் கட்டர், தீயால் இரும்பை வெட்டுபவர். இப்போது கரையில் ஒரு கப்பல்கூட இல்லை. வெட்டும்போது போடுற கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். வாடகை ஏறினால் நான் கைதட்டுகிறேன். யாருக்காகத் தட்டுறேன்?

மார்ச் 2

சண்டை நின்றது. வழி திறந்தாச்சு. முன்பே ஆர்டர் கொடுத்த புதுக் கப்பல்களும் தண்ணீரில் இறங்குகின்றன. வாடகை சரிகிறது. ஆனாலும் கரை காலி. வாடகை திரும்ப ஏறும் என்று கப்பல் முதலாளிகள் காத்திருக்கிறார்களாம். அப்பாவிடம் சொன்னேன்.

"அவங்க காத்திருக்கலாம்மா. நம்ம வயிறு காத்திருக்குமா?"

மார்ச் 15

அப்பா வெளியூர்க் கட்டட வேலைக்குப் போகிறார். ரெண்டு வருஷம். ஞாயிற்றுக்கிழமை பஸ். அம்மா பையைக் கட்டிவிட்டாள். வாசலில் அதைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

மார்ச் 18

மஞ்சக்கிளியை வித்துட்டாங்க! புது ஓனர், புதுப் பேர், புதுக் கொடி! "பொழச்சிட்டா"ன்னு போஸ்ட் போட்டேன். லைக்கா கொட்டுது.

அப்புறம் சுக்கான் கேட்டான்: "எவ்ளோ ஆழம் முங்கியிருக்கான்னு பாத்தியா?"

ஆப்பில் பார்த்தேன். மேலே எழும்பி மிதக்கிறாள் — காலி. ஒரு பெட்டிகூட இல்லை. சரக்கில்லாம யாரு கடல் தாண்டுவா? போகும் இடம் என்ற கட்டத்தில் எதுவும் இல்லை. மூக்கு மட்டும் எங்கள் கரையைப் பார்த்து.

உடைக்கிறவங்களுக்குத்தான் வித்திருக்காங்க. கடைசிப் பயணத்துக்குப் பேரையும் கொடியையும் மாத்துவாங்கன்னு நானே எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கேன். லூசு. லூசு.

மார்ச் 19

சொல்லணுமா? சொல்லாவிட்டால் அப்பா போயிடுவார். அவள் எப்படியும் வருவாள், வேறு யாரோ வெட்டுவார்கள். சொன்னா — அப்பா கையாலயே.

மார்ச் 20

சொன்னேன்.

"கப்பல் வருதா? யார்டு மேஸ்திரி வாயே திறக்கலையே?" என்றார் அப்பா.

"கப்பல் கரைக்கு வர்ற வரைக்கும் மூச்சு விடமாட்டாங்கப்பா. நீங்க கேட்டுப் பாருங்க."

போன் போட்டார். மேஸ்திரி கத்தியது எனக்கே கேட்டது: "உனக்கு எவன்யா சொன்னான்?"

அப்பா எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தார். "என் பொண்ணு." வைத்துவிட்டுக் கேட்டார்: "எந்தக் கப்பல்மா?"

என் போன் முகப்புப் படத்தைக் காட்டினேன். போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அடடா... இவளா."

அம்மா பையைப் பிரித்தாள்.

ஏப்ரல் 2

கடல் ஏறிய நேரத்தில் முழு வேகமாக வந்து மணலில் ஏறி நின்றாள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். எவ்ளோ பெருசு! எந்தப் போட்டோவிலும் இவ்ளோ பெருசா இல்லையே.

மே 9

'சிக்னல் இல்லை' என்கிறது ஆப். கடைசியாக எங்கே இருந்தாள் என்று சுக்கான் கேட்கிறான். இன்னும் பதில் போடவில்லை.

வாளியில் அப்பாவின் சட்டை ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர் மேல் மஞ்சள் பெயின்ட் துகள்கள். இன்று நானே அலசிக் காயப்போட்டேன்.