பாதி மலைக்கு ஒரு துணை

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா என்னைவிட ஒரு பிடி அதிக சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அதேபோல இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. போனை எடுத்தாலே அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், நான் வாயைத் திறப்பதற்குள் என் பதிலையும் அவரே சொல்லிவிடுகிறார். குளியலறைக் குழாய் ஒழுகியதை ஒருவழியாகச் சரிசெய்தாயிற்று. மாடி வீட்டு டீச்சர் வேலை மாற்றலாகிப் போய்விட்டார், தலைக்கு மேல் நாற்காலி இழுக்கும் சத்தம் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது. அங்கே குளிர் அதிகமாமே, நீ வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ, அழகு ஒன்றும் குறைந்துவிடாது.

நடைக் குழு விஷயம்தான் எழுத வந்தேன். தையல் கடையில் காலமெல்லாம் மெஷினுக்கு முன்னால் குனிந்தே இருந்தது போதும், இனி நிமிர்ந்து நட என்று நீதான் என் பெயரைச் சேர்த்துவிட்டாய். ஞாயிறு காலை கிளம்பி ஏதாவது ஒரு மலை, சாயங்காலம் வீடு. புது ஷூவை வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பார்த்தேன், சிரிக்காதே. அப்பா விடுவாரா? நீ மட்டும் எப்படிப் போவாய் என்று அவரும் சேர்ந்துகொண்டார். முதல் நாள், குழுவை நடத்துகிற பல் டாக்டர் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து, அவரவர் துணை யார் என்று சொல்லுங்கள் என்றார். அவர் கேட்டது நடைத் துணை. ஒரே வேகத்தில் நடக்கிற இருவரை ஜோடி சேர்ப்பார்கள், ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்க வேண்டும், ஒருவர் திரும்பினால் மற்றவரும் திரும்ப வேண்டும், வழியில் யாரையும் தனியாக விடக் கூடாது என்று விதி. அப்பாவுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? மார்பை நிமிர்த்திக்கொண்டு, "வேற யாரு, இவதான், கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவதான்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் அசடு மாதிரிச் சிரித்தேன். அன்றைக்கு மாட்டினேன்.

பாதி மலை வரைக்கும் அப்பா ஜோராக வருவார். பஸ் ஓட்டிய கால், அதற்கு மேல் மக்கர் பண்ணுகிறது. நிழலாக ஒரு மரம் பார்த்து உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். மற்றவர்கள் எங்களைத் தாண்டி ஏறிப் போவார்கள், பேச்சுச் சத்தம் மேலே போய்க் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகும். அப்பா பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டு பழைய வீட்டு ஓனரோடு போட்ட சண்டையை மறுபடி ஆரம்பிப்பார். இறங்கி வருகிறவர்கள் ஏரி தெரிந்தது, மேகம் காலுக்குக் கீழே போனது என்பார்கள், நான் தலையாட்டுவேன். அப்பா அனுப்பிய போட்டோவைப் பார்த்து, உச்சியில் இரண்டு பேரும் எவ்வளவு அழகாக நிற்கிறீர்கள் என்றாயே, அது உச்சி இல்லை பாப்பா. அப்பா அளந்துவிட்டார். இதுவரை ஒரு மலையின் உச்சியைக்கூட நான் பார்க்கவில்லை. நாலு சுவருக்குள் இருந்தபோதுகூட இப்படி மூச்சு முட்டியதில்லை, அத்தனை பெரிய வெட்டவெளியில் முட்டுகிறது.

துணையை மாற்றிக்கொள்ளலாமே என்பாய். தபாலாபீசில் வேலை பார்க்கிற அக்கா ஒருவர், என் வேகத்துக்கு நடப்பவர், என்னோடு வாருங்களேன் என்று அவராகவே கூப்பிட்டார். ஆனால் வட்டத்தில் நின்று எல்லோர் முன்னாலும், என் துணையை மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன், எனக்கே உடம்பு கூசியது. போன ஞாயிறு மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "டாக்டர், எனக்குத் துணை" என்று தொடங்கினேன். அப்பா சட்டென்று என் கையைப் பிடித்து, "எங்களுக்கு மாத்த வேணாம் டாக்டர், நாங்க பழகிட்டோம்" என்றார். மறுபடியும் கைதட்டல். வீட்டுக்கு வந்து, அடுத்த ஞாயிறு நீங்கள் ஓய்வெடுங்கள், நான் மட்டும் போய்விட்டு வருகிறேனே என்று மெதுவாகச் சொன்னேன். கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். முகம் வாடிப்போய், "என்கூட உக்காந்திருக்க அலுப்பா இருக்கா?" என்று கேட்டார். வேலையை விட்டதிலிருந்து ஒரு அறையில் தனியாக இருக்கவே அவருக்குப் பயம், அது உனக்குத் தெரியாது. இல்லவே இல்லை என்றுவிட்டேன். கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதனால் இந்த லீவுக்கு வரும்போது எதுவும் வாங்கி வராதே, எங்கேயும் எங்களைக் கூட்டிப்போகவும் வேண்டாம். ஒரு ஞாயிறு எங்களோடு மலைக்கு வா. வட்டத்தில் நின்றதும், அப்பாதான் என் துணை என்று நீ முந்திக்கொண்டு சொல்லிவிடு, அவர் பூரித்துப்போவார். மரத்தடியில் அவரோடு உட்கார்ந்து, ஓனர் சண்டையைப் புதிதாகக் கேட்பதுபோலக் கேள். நான் அக்காவோடு மேலே போகிறேன். போனில் இதைப் பற்றி மூச்சு விடாதே, வருகிறேன் என்று மட்டும் சொல்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் சிரிக்க வைத்துக்கொண்டு நெடுநாள் இருக்க வேண்டும். அப்பாவின் ஆசியையும் நானே சேர்த்து எழுதுகிறேன். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, அன்றைக்கு நான் கீழே இறங்கி வர எவ்வளவு நேரமானாலும் தேடிக்கொண்டு வராதே.

இப்படிக்கு,
உன் அம்மா