வழிமொழிந்தவர்

25-9-1982, சனி

ரிட்டயரானபோது வந்த பணம் முழுவதையும் அப்பா ஒரு சின்னக் கம்பெனியின் பங்குகளில் போட்டிருக்கிறார். அக்கா கல்யாணத்துக்கு அதை விட்டால் வேறு பணமில்லை. பங்கு விலை பாதியாகிவிட்டது. இந்த வருடமும் டிவிடெண்ட் கிடையாது.

இன்று அரியமங்கலத்தில் கம்பெனிப் பங்குதாரர்களின் வருடாந்திரக் கூட்டம். "எழுந்து கேளுங்கப்பா" என்று பஸ்ஸிலேயே சொன்னேன். "கேக்காம விடுவேனாடா?" என்றார்.

வாசலில் ஆளுக்கொரு டிபன் பொட்டலம் கொடுத்தார்கள். "டிவிடெண்டைத்தான் மைசூர்பாகாக் குடுக்கறாங்க, மெதுவா சாப்பிடுங்க" என்றார் பின்வரிசைக்காரர் ஒருவர். சிரித்தார்கள். அப்பா கேள்வி கேட்க எழுந்தார். முதலாளி முந்திக்கொண்டார்.

"வாங்க சார், நம்ம பழைய பங்குதாரர். கணக்கை நீங்களே வழிமொழிஞ்சுடுங்க."

கைக்கு மைக் வந்தது. "வழிமொழிகிறேன்" என்றார் அப்பா. கை தட்டினார்கள். எங்களைப் போன்றவர்களின் வாயை அடைக்க ஒரு 'சார்' போதும்.

வெளியே வந்ததும், "இருக்கிற விலைக்கு வித்துடலாம்பா" என்றேன்.

"அத்தனை பேர் முன்னால வழிமொழிஞ்சுட்டு நானே வித்தா நல்லாவாடா இருக்கும்?"

வீட்டில் அக்கா பொட்டலத்தைப் பிரித்தாள். "கூட்டம் நல்லா நடந்துதாப்பா?"

"நடந்துதும்மா."

மைசூர்பாகை விண்டு எனக்கும் கொடுத்தாள். தின்றேன். இன்னும் பல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.